இரவு இரண்டு மணிக்கு வெளியிட்ட திருத்தம்

31 மணி நேரம். யாரோ ஒருவர், பெயர் போடவில்லை, ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற பழைய நிண்டெண்டோ விளையாட்டின் முதல் பாகத்தை நான் எழுதிய எமுலேட்டரில், அதாவது பழைய விளையாட்டுக் கருவியைப்போல் நடிக்கும் கைபேசிச் செயலியில், அத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார். மொத்தம் ஒன்பது நிலவறைகளில் எட்டாவது வரை போயிருக்கிறார். ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தால் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் ஆட்டம் முதலிலிருந்து நிற்கிறது. இதைச் சொல்ல அவருக்கு இரண்டு வரி போதுமானதாக இருந்தது. கடிதத்தின் மீதிப் பதினேழு வரிகளும் என்னைப் பற்றியவை. என் அறிவு, என் நாடு, என்னை வேலைக்கு வைத்திருப்பவரின் அறிவு என்று படிப்படியாக ஏறிப் போனது. வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, படுக்கப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கைபேசியை எடுத்தவன், அன்று தூங்கவில்லை. அதற்கடுத்த நான்கு மாதங்களும் நிம்மதியாகத் தூங்கவில்லை. இதில் பாதி, நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. பொழுதுபோக்காக எமுலேட்டர் எழுதத் தொடங்கியிருப்பவர் யாராவது இருந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் நான் நூல் மில்களுக்கான கணக்கு மென்பொருள் எழுதுகிறவன். எமுலேட்டர் ஆசை வந்தது 1990-களின் கடைசியில். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ‘டிவி கேம்’ இருந்தது. மஞ்சள் கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்களே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டி, நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கருவியின் மூளையான 6502 வகைச் சிபியு ஒன்று, அது நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பில் ஓடும். படம் வரையத் தனிச் சில்லு ஒன்று, அது சிபியுவைப் போல் மூன்று மடங்கு வேகம். 2 கிலோபைட் நினைவகம். இவை செய்த வேலையை நிரலால் செய்து காட்டுவதுதான் எமுலேட்டர். ஒரு தாளில் அடங்கிவிடும் கருவிதானே என்று இறங்கினேன். பதினான்கு மாத இரவுகள் போயின.

முதல் தவறு, புகார் வருவதற்கு வெகு முன்பே நடந்துவிட்டது. இந்தத் துறையில் எல்லாரும் தாண்டும் முதல் வாசல் ‘நெஸ்டெஸ்ட்’ என்ற சோதனை ரோம். ரோம் என்றால் கேசட்டில் இருப்பதைக் கோப்பாக்கியது. அதனுடன் 8,991 வரிகள் கொண்ட ஒரு பதிவுக் கோப்பு கிடைக்கும். ஒவ்வொரு கட்டளை ஓடும்போதும் சிபியுவின் பதிவேடுகளில், அதாவது அதற்குள் இருக்கும் சிறு நினைவிடங்களில், என்ன மதிப்பு இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நம் எமுலேட்டர் எழுதும் பதிவை அதனுடன் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எனது பதிவு கடைசி வரி வரை பொருந்திய இரவில், வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் சமையலறையில் நின்று குலோப் ஜாமூன் டப்பாவைக் காலி செய்தேன். அந்த மயக்கத்திலேயே செயலியின் அறிமுகத்தில் ‘அசல் கருவிக்கு நூறு விழுக்காடு துல்லியம்’ என்று எழுதினேன். நெஸ்டெஸ்ட் சோதிப்பது சிபியுவை மட்டும். படச் சில்லைப் பற்றியோ, ஒலியைப் பற்றியோ, கேசட்டுக்குள் இருக்கும் கூடுதல் சில்லுகளைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். பின்னால் வந்த திட்டுகளில் பாதிக்கு அந்த ஒரு வாக்கியமே அழைப்பிதழ். உங்கள் எமுலேட்டரில் என்ன ஓடாது என்பதை நீங்களே முதலில் எழுதி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் திட்ட வருகிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கையில் பிடித்துத் தொங்க ஒன்றும் இருக்காது.

அந்த வியாழன் இரவுக்கு வருகிறேன். நான் இரண்டு காரியங்கள் செய்தேன், இரண்டும் கெட்டவை. ஒன்று, பதில் எழுதினேன். பதினான்கு மாதம் கண்விழித்து இலவசமாகக் கொடுத்ததற்கு இதுதானா மரியாதை என்று தொடங்கி, உன் கைபேசிதான் பழுதாக இருக்கும் என்று முடித்தேன். என்னிடம் ஒரு பிழையும் இல்லை என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. இரண்டாவது இன்னும் மோசம். பதிலை அனுப்பிய பிறகு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். சேமிப்புப் பகுதியைத் திறந்து பார்த்தேன். செல்டா போன்ற கேசட்டுகளில் 8 கிலோபைட் நினைவகமும் அதை உயிரோடு வைக்க ஒரு சிறு பேட்டரியும் இருக்கும். எமுலேட்டர் அந்த 8 கிலோபைட்டை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நான் செயலி மூடப்படும்போது மட்டும் எழுதினேன். ஆண்ட்ராய்டு கைபேசியோ, நினைவகம் போதாவிட்டால் பின்னால் கிடக்கும் செயலியைச் சொல்லாமல் கொன்றுவிடும். மூடும் சடங்கு எதுவும் நடக்காது. ஆக அந்த மனிதர் சொன்னது உண்மை.

அப்போது மணி ஒன்று. வெட்கமும் கோபமும் கலந்த ஒரு வேகம். மூடும்போது எழுதினால்தானே பிரச்சினை, எப்போதும் எழுதிக்கொண்டே இருக்கட்டும் என்று, திரையில் படம் மாறும் ஒவ்வொரு முறையும், அதாவது நொடிக்கு அறுபது தடவை, கோப்பைக் காலி செய்து திரும்ப எழுதும்படி மாற்றினேன். என் கைபேசியில் பத்து நிமிடம் ஓட்டினேன், சரியாக இருந்தது. இரண்டு மணிக்கு வெளியிட்டேன். ‘உனக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சரிசெய்துவிட்டேன்’ என்று அவருக்கு இன்னொரு வரி வேறு. கோப்பைக் காலி செய்த கணத்துக்கும் எழுதி முடிக்கும் கணத்துக்கும் நடுவில் கைபேசி செயலியைக் கொன்றால் மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. முன்பு ஒருவருக்கு மட்டும் சேமிப்பு போயிற்று. இப்போது பலருக்குப் பல மாதச் சேமிப்பே போயிற்று. நான்கு நாளில் ஆறு புகார்கள். அதில் ஒருவர் திட்டவே இல்லை. தன் மகனுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விளையாடி வந்ததாகவும், திரும்பப் பெற வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். வழி இல்லை. பதினேழு வரித் திட்டைவிட அந்தக் கேள்விதான் என்னைப் படுத்தியது.

சனிக்கிழமை மனைவி ஒரு வேலை சொன்னாள். அவளுக்கு நிரலும் தெரியாது, செல்டாவும் தெரியாது. நான் அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் வாசித்தால் எனக்கு எப்படிப் புரியும், தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றாள். தப்பித்துக்கொள்ளச் சொன்னாளோ என்னவோ, நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும்தான் ஒரு விஷயம் புலப்பட்டது. வசைச் சொற்களைத் தமிழில் எழுதக் கை வரவில்லை. அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனேன். பத்தொன்பது வரிக் கடிதம் நோட்டில் இரண்டரை வரியாக வந்து நின்றது: 31 மணி நேரம் விளையாடினேன், இரவு விளையாடி முடித்துவிட்டு வேறு செயலிக்குப் போனேன், காலையில் சேமிப்பு இல்லை. இரவு வேறு செயலிக்குப் போனதைக்கூட அவர் எழுதியிருக்கிறார்! வியாழன் இரவு அந்த அரை வரியை என் கண் பார்க்கவே இல்லை. பிழையின் காரணமே அதில் இருந்தது. அன்றிலிருந்து இதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். எந்தக் கடுமையான கடிதம் வந்தாலும் பேனாவால் தமிழில் எழுதுவேன். எழுதிய பிறகு ஏதாவது மிஞ்சினால் அது வேலை. ஒன்றும் மிஞ்சாவிட்டால் தாளைக் கிழித்துவிட்டு மறந்துவிடுவேன். பாதிக்கு மேல் கிழிபடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை, ஏதோ ஒரு வரி பெரும்பாலும் மிஞ்சுகிறது.

சேமிப்பை ஒழுங்காக எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தேடி அலைய வேண்டாம். பழைய கோப்பைத் தொடவே கூடாது. பக்கத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதும் எழுதி, அது சேமிப்பகத்தில் இறங்கிவிட்டதை உறுதி செய்து, அளவு சரிதானா என்று பார்த்து, பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். அரைகுறையாக ஒன்று இருக்காது. நொடிக்கு அறுபது முறை எழுதத் தேவையில்லை. நினைவகத்தில் மாற்றம் வந்து ஓரிரு நொடி அமைதியானதும் ஒருமுறை, செயலி திரையிலிருந்து மறையும்போது ஒருமுறை. முந்தைய மூன்று பிரதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோபைட்தானே, எந்தக் கைபேசிக்கும் அது கனமில்லை. திறக்கும்போது வெற்றுக் கோப்பு இருந்தால் புது ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளாமல் பழைய பிரதிக்குப் போகச் சொல்லுங்கள். இதையெல்லாம் எழுதி, நான்கு வெவ்வேறு கைபேசிகளில் வேண்டுமென்றே செயலியைக் கொன்று கொன்று பார்த்து வெளியிட எனக்கு ஒன்பது நாள் ஆனது. மூன்று மணி நேரத்தில் செய்ததாக நான் பெருமைப்பட்டுக்கொண்ட வேலை அது.

இதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்தது. 1987-இல் செல்டா கேசட்டாக அமெரிக்காவில் வந்தபோது, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணைக்க வேண்டும் என்று அந்த ஆட்டமே சொல்லும். மின்சாரம் இறங்கும் அந்தக் கணத்தில் சிபியு தாறுமாறாக ஓடி, பேட்டரி நினைவகத்தில் குப்பையை எழுதிவிட வாய்ப்புண்டு. ரீசெட்டில் பிடித்து வைத்தால் ஓடாது. எழுதும்போது உயிர் போனால் சேமிப்பு போகும் என்பது அந்தக் கருவியைச் செய்தவர்களுக்கே இருந்த தலைவலி. நூறு விழுக்காடு துல்லியம் என்று எழுதியது ஒருவகையில் சரிதான் என்று சிரித்துக்கொண்டேன். சிரிக்க முடிந்ததே அப்போது பெரிய விஷயம்.

அடுத்து வந்தவர் வேறு ரகம். சேமிப்பு விவகாரம் அடங்குவதற்குள், என் நிரலை முழுக்க வாசித்த ஒருவர் எழுதினார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் படிக்கும்போது முகம் எரிந்தது. ‘இது எமுலேட்டர் அல்ல, மரியோ ஓட்டுவதற்காகச் செய்த பொம்மை’ என்று தொடங்கி, கோப்பின் பெயரும் வரி எண்ணும் போட்டு உரித்திருந்தார். அசல் படச் சில்லு ஒரு வரியை 341 புள்ளிகளாக, ஒரு படத்தை 262 வரிகளாக, ஒவ்வொரு புள்ளியாக நடந்து வரைகிறது. நான் ஒரு வரியை மொத்தமாக ஒரே மூச்சில் வரைந்தேன். வரியின் நடுவில் ஆட்டம் எதையாவது மாற்றினால் என் திரையில் தெரியாது. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’ கீழே உள்ள மதிப்பெண் பட்டையை அசையாமல் நிறுத்த, கேசட்டில் இருக்கும் எம்எம்சி3 சில்லு வரிகளை எண்ணுகிறது. படச் சில்லு நினைவகத்தின் எந்த இடத்தைப் படிக்கிறது என்று சொல்லும் முகவரிக் கம்பிகளில் ஒன்றின் மின்நிலை ஏறி இறங்குவதைப் பார்த்து அது எண்ணும். நானோ ஒவ்வொரு வரியிலும் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் எண்ணைக் கூட்டிவிட்டு ஒப்பேற்றியிருந்தேன். ‘பேட்டில்டோட்ஸ்’ என்ற ஆட்டம் இரண்டாம் கட்டத்தில் உறைந்து நிற்பதற்கும் என் நேரக் கணக்குதான் காரணம் என்றார். அந்த ஆட்டம் எமுலேட்டர் எழுதுகிறவர்களுக்கு எமன். சிபியுவும் படச் சில்லும் சில துடிப்பு பிசகினாலே நின்றுவிடும்.

ஒரே ஒரு இடத்தில் அவர் தவறு என்று எனக்குத் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வரியில் எட்டுப் பொம்மைகளுக்கு (திரையில் நகரும் சிறு படங்களுக்கு) மேல் வந்தால் படச் சில்லு ஒரு கொடியை, அதாவது ஆம் அல்லது இல்லை என்று காட்டும் ஒரு குறியை, உயர்த்த வேண்டும். அசல் கருவியிலேயே அந்தக் கணக்கு பிழையானது, சில சமயம் தப்பாக உயரும், சில சமயம் உயராது, அந்தப் பிழையையும் நீ நடிக்க வேண்டும் என்றிருந்தார். நான் நம்பவில்லை. ஒரு நிறுவனம் பிழையான சில்லைக் கோடிக்கணக்கில் விற்றிருக்குமா? அவரை மடக்கிக் காட்ட அசல் கருவியையே வாங்கத் தீர்மானித்தேன். இதுதான் இந்தக் கதையில் பணம் போன இடம். பழைய கருவி 14,000 ரூபாய். நம் சோதனை ரோமை அதில் ஏற்றி ஓட்டுவதற்கான கேசட் 11,500. அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து 7,800. வந்த அன்று அவசரத்தில் அதன் மின் அடாப்டரை நேரே சுவரில் சொருகினேன். அது அமெரிக்க வீடுகளின் 120 வோல்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. ஒரு சிறு ‘டப்’, பிறகு கருகிய நாற்றம். டிவி மெக்கானிக் ஒருவர் வேறு அடாப்டர் கட்டிக் கொடுத்தார், 600 ரூபாய், கூடவே இலவசமாக ஒரு பார்வை. ஏறத்தாழ 34,000 ரூபாய் செலவழித்துச் சோதனையை ஓட்டினால், கொடி தப்பாகத்தான் உயர்ந்தது. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. எட்டாவது பொம்மை கிடைத்த பிறகு சில்லு அடுத்த பொம்மையின் இடத்தை மட்டும் நகர்த்தாமல், உள்ளே எந்த எண்ணைப் படிப்பது என்பதையும் சேர்த்து நகர்த்திவிடுகிறது. அதனால் உயரத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் வேறு எதையோ பார்க்கிறது. இது பல ஆண்டுகளாக எல்லாரும் அறிந்த செய்தி. ஒரு மாலை உட்கார்ந்து ஆவணங்களை வாசித்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும். நான் வாசித்தேன்தான், ஆனால் அவர் தவறு என்று நிரூபிக்கும் வரியைத் தேடி வாசித்தேன்.

அவருக்கு நன்றி சொல்லி எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. பதிலுக்கு ஒரு வரி வந்தது, எந்தச் சோதனை ரோமை அடுத்து ஓட்ட வேண்டும் என்று. வாழ்த்து, மன்னிப்பு, ஒன்றும் இல்லை. அவர் அப்படித்தான். சிலருக்குப் பிழையைச் சுட்டிக்காட்டுவதே அன்பு காட்டும் முறை என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் அப்படித்தானா என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவது ரகத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. இரண்டாமவரின் கடிதம் பரவியபின், நான் வேறொருவரின் நிரலைத் திருடிவிட்டதாக ஒருவர் கிளப்பிவிட்டார். கட்டளை அட்டவணை ஒரே மாதிரி இருக்கிறதாம். 6502-இன் கட்டளைகள் 256 இடங்களில் அடங்கியவை, எல்லாருடைய அட்டவணையும் ஒரே மாதிரித்தான் இருக்கும். என்னைக் காப்பாற்றியது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் முதல் நாளிலிருந்து வைத்திருந்த மாற்ற வரலாறு. பதினான்கு மாதத் தடுமாற்றம், அசட்டுப் பிழைகள், நள்ளிரவு நேர முத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன. ‘அழகாக’ இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி வெளியிட நினைத்திருந்தேன், சோம்பலால் விட்டேன். சோம்பல் அன்று உதவியது. நீங்களும் வரலாற்றை அழிக்காதீர்கள். எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள், எந்த எமுலேட்டரின் நிரலை வாசித்தீர்கள், அதன் உரிமம் என்ன என்பதைக் கோப்பின் தலையிலேயே குறித்து வையுங்கள். வரலாற்றை ஒருமுறை காட்டினேன், அதோடு நிறுத்தினேன். அதன் பின்னும் தொடர்ந்தவர்கள் சாதியைக் கேட்டார்கள், மனைவியின் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினார்கள். அங்கே நோட்டுக்கும் பேனாவுக்கும் வேலை இல்லை. பிரதி எடுத்து வைத்துவிட்டு, தடுத்துவிட்டு, பதில் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையில் இது சின்ன விஷயம் அல்ல. ஆண்ட்ராய்டில் ப்ளேஸ்டேஷன் 2 ஆட்டங்களை ஓட்டிய ஏதர்எஸ்எக்ஸ்2-வை எழுதியவர் 2023 ஜனவரியில் வேலையை நிறுத்தினார். ஓயாத புகார்களும் கோரிக்கைகளும் கடைசியில் கொலை மிரட்டலும் வந்ததைக் காரணமாகச் சொன்னார். அவரைப் போன்ற திறமைசாலிக்கே அந்தக் கதி என்றால் என்னைப் போன்றவன் தோலைத் தடிமனாக்கிக்கொண்டால் போதும் என்று சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை.

நன்கொடைப் பெட்டி வைத்திருந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் 4,200 ரூபாய் வந்தது. ஆனால் 150 ரூபாய் கொடுத்த ஒருவர், நான் பணம் கொடுத்தவன், எனக்கு இந்த வாரமே வேண்டும் என்று எழுதியபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பெட்டியை எடுத்துவிட்டேன், கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பொழுதுபோக்காகவே வைத்திருக்க நினைப்பவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள்.

இப்போது புகார் எழுதும் இடத்தில் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பு, எந்தக் கைபேசி, ரோம் கோப்பை அடையாளம் காட்டும் ஹேஷ் எண், என்ன செய்தபோது நடந்தது. ரோமை அனுப்பாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், அனுப்பினால் திறக்காமல் அழித்துவிடுவேன்; காப்புரிமைச் சிக்கலையும் தலையில் ஏற்றிக்கொள்ள நான் தயாரில்லை. நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகு திட்டும் மனநிலை பலருக்குத் தணிந்துவிடுகிறது. தணியாதவர்கள் விடைகளுக்குக் கீழே திட்டுகிறார்கள், பரவாயில்லை, விடை கிடைத்துவிட்டதே. இரவு ஒன்பதுக்கு மேல் புகார்களைத் திறப்பதில்லை. எந்தத் திருத்தத்தையும் எழுதிய நாளில் வெளியிடுவதில்லை. வெள்ளிக்கிழமை வெளியிடுவதே இல்லை. 31 மணி நேரத்தை இழந்தவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கைபேசி பழுது என்று நான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே எழுதினேன். பதில் வரவில்லை.

படச் சில்லைப் புள்ளிக்குப் புள்ளி வரையும்படி திரும்ப எழுதி வருகிறேன், ஐந்தாவது மாதம் ஓடுகிறது. அறிமுகத்தில் அந்த நூறு விழுக்காட்டு வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது வேறொன்று இருக்கிறது: ‘பேட்டில்டோட்ஸ் இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடும். எனக்குத் தெரியும்.’